சமோவாவின் கதைகள், விருந்துகள், விடுமுறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமோவாவும் அமெரிக்க சமோவாவும் ஒன்றா?

இல்லை. இந்தப் பக்கம் தனிநாடான சமோவாவைப் பற்றியது. ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் நடுவே பசிபிக் கடலில் உபோலு, சவாயீ என்று இரண்டு பெரிய தீவுகள். அவற்றுக்கு இடையில் மனோனோ, அப்போலிமா என்று ஆள் வசிக்கும் இரண்டு குட்டித் தீவுகள். தலைநகரம் ஆப்பியா, உபோலுவில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். 1997 வரை 'மேற்கு சமோவா' என்பதுதான் நாட்டின் பெயர். கிழக்கே இருக்கும் அமெரிக்க சமோவா அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. மொழியும் கதைகளும் சடங்குகளும் இரண்டு பக்கமும் ஒன்றேதான். விடுமுறைப் பட்டியல் வேறு, தேதியும் ஒரு நாள் வேறு.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

சமோவா மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் 'ஜி' எழுத்து வந்தால் 'ங்' என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டார் பலர் 'பாலாகி' என்று வாசிக்கும் சொல் உண்மையில் 'பாலாங்கி', அதாவது வெள்ளைக்காரர். ஆங்கிலம் பேசுபவர்கள் திணறுகிற இடம் இது. 'ங' தெரிந்த நமக்குச் சிரமமில்லை. மேல்கால்புள்ளி (') வந்தால் அங்கே தொண்டையில் மூச்சை ஒரு கணம் நிறுத்த வேண்டும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லாததால் இங்கே விட்டுவிட்டோம்.

எந்தப் பண்டிகையைப் பற்றிக் கேட்டாலும் 'மாத்தாய்' என்ற சொல் வருகிறதே, அது என்ன?

அது தெரியாமல் மற்றவை விளங்காது. சமோவாவில் குடும்பம் என்றால் 'அய்ங்கா', அதாவது பங்காளிகள், சம்பந்திகள் எல்லாரும் சேர்ந்த பெருங்குடும்பம். ஒவ்வோர் அய்ங்காவுக்கும் பரம்பரைப் பட்டப்பெயர்கள் உண்டு. குடும்பத்தார் கூடிப் பேசி ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் அவர் மாத்தாய். மூத்த மகன் என்பதற்காகப் பட்டம் தானாக வந்துவிடாது, பெண்களுக்கும் கொடுக்கலாம். மாத்தாய்களில் இரண்டு வகை: 'அலீ' எனும் தலைவர், 'துலாஃபாலே' எனும் பேச்சாளர். சபையில் அலீ அமைதியாக இருப்பார், அவருக்காக துலாஃபாலே பேசுவார். ஊர்க் காரியங்களை முடிவு செய்வது மாத்தாய்கள் உட்காரும் 'ஃபோனோ' சபை. 1990 வாக்கெடுப்புக்கு முன்பு நாடாளுமன்றத் தேர்தலில்கூட ஓட்டுரிமை ஏறக்குறைய முழுவதும் மாத்தாய்களிடம்தான் இருந்தது. இப்போது ஓட்டு எல்லாருக்கும் உண்டு, வேட்பாளர் மட்டும் மாத்தாயாக இருக்க வேண்டும்.

பட்டம் இல்லாதவர்கள் செய்யும் பணிவிடைக்கு 'தௌதுவா' என்று பெயர். சமைப்பது, பரிமாறுவது, சுமப்பது, சம்பளத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்குக் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். 'ஓ லெ ஆலா இ லெ புலே ஓ லெ தௌதுவா' என்பது அங்கே எல்லார் வாயிலும் வரும் பழமொழி: அதிகாரத்துக்குப் போகிற பாதை பணிவிடை. கீழே வரும் விருந்து, சடங்கு எதுவானாலும், யார் யாருக்குப் பரிமாறுகிறார் என்று முதலில் பாருங்கள்; பாதி விளங்கிவிடும்.

அரசு விடுமுறைகள் எவை?

புத்தாண்டு (ஜனவரி 1, 2), புனித வெள்ளி தொடங்கி ஈஸ்டர் திங்கள் வரை, மே இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினத்தை அடுத்த திங்கள், ஜூன் 1 சுதந்திர தினம், ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறான தந்தையர் தினத்தை அடுத்த திங்கள், அக்டோபரில் குழந்தைகள் ஞாயிறை அடுத்த திங்கள், கிறிஸ்துமஸ், அதற்கு மறுநாள். மூன்று விடுமுறைகள் திங்களில் விழுவது தற்செயல் அல்ல. ஞாயிறு முழுக்கத் தேவாலயமும் விருந்தும். மறுநாள் ஓய்வெடுக்காமல் தீராது.

செப்டம்பரில் நடக்கும் தெயுயிலா விழா விடுமுறை அல்ல. 1991-ல் சுற்றுலாவுக்காகத் தொடங்கியது. தேசிய மலரான செவ்விஞ்சிப் பூவின் பெயர்தான் தெயுயிலா. நடனம், அழகிப்போட்டி, நீண்ட துடுப்புப் படகுப் பந்தயம் என ஒரு வாரம் களைகட்டும். ஆட்டம் பாட்டம் பார்க்க நல்ல நேரம். ஆனால் ஊர்ப்புறச் சடங்கைப் பார்க்க நினைத்தால் இது அதற்கான இடம் அல்ல.

சுதந்திரம் கிடைத்தது ஜனவரி 1-ல். கொண்டாடுவது ஏன் ஜூன் 1-ல்?

1962 ஜனவரி 1 அன்று நியூசிலாந்திடமிருந்து விடுதலை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளில் முதலில் விடுதலை பெற்ற நாடு இதுதான். ஜனவரி புத்தாண்டோடு மோதுகிறது. போதாததற்கு நல்ல மழைக்காலம், புயல்காலம். கொடியேற்றம், அணிவகுப்பு, படகுப் பந்தயம் எல்லாம் திறந்தவெளியில் நடப்பவை. அதனால் வறண்ட பருவமான ஜூனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நாளில் பேசப்படும் வரலாறு மகிழ்ச்சியானது மட்டுமல்ல. 1900 முதல் ஜெர்மனி ஆண்டது. 1914-ல் நியூசிலாந்துப் படை வந்து பிடித்தது. 1918 நவம்பரில் 'தாலூன்' என்ற கப்பலைத் தனிமைப்படுத்தாமல் ஆப்பியாவில் இறங்கவிட்டதால் விஷக்காய்ச்சல் பரவி, மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு வலுத்த 'மாவ்' என்ற அறவழி இயக்கத்தார், வெள்ளைக் கோடு போட்ட கருநீல லாவாலாவாவை (இடுப்பில் சுற்றும் துணி) சீருடையாக அணிந்தார்கள். 1929 டிசம்பர் 28 அன்று ஆப்பியாவில் ஊர்வலம் போனவர்கள்மீது காவலர்கள் சுட்டதில், இயக்கத் தலைவர் துப்புவா தமசேசே லேயாலோஃபி III குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். 2002 ஜூனில், விடுதலையின் 40-ஆம் ஆண்டு விழாவில், நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

வெள்ளை ஞாயிறு என்பது என்ன? குழந்தைகளுக்கு மட்டும்தானா?

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. உள்ளூர்ப் பெயர் 'லோது தமாயீத்தி', குழந்தைகளின் வழிபாடு. கிறிஸ்தவ மிஷனரிகளோடு வந்த பழக்கம்தான். ஆனால் சமோவாக் குடும்பத்தில் அது எடுத்த வடிவம் முழுக்க உள்ளூருடையது.

மற்ற நாட்களில் சாப்பாட்டு வரிசை கண்டிப்பானது. மாத்தாய்களும் பெரியவர்களும் விருந்தினரும் முதலில் சாப்பிடுவார்கள். இளையவர்கள் தட்டு கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டி, கை கழுவத் தண்ணீர் தந்து, எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். வெள்ளை ஞாயிறன்று இது தலைகீழ். குழந்தைகள் உட்கார, அப்பாவும் தாத்தாவும் தட்டு ஏந்தி வந்து பரிமாறுகிறார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் என்பதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

காலையில் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடையில் தேவாலயத்துக்கு அணிவகுத்துப் போவார்கள். அன்று வழிபாட்டை நடத்துவதே அவர்கள்தான். மிகச் சின்னதுகள் ஒரே ஒரு பைபிள் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும். இதற்குத் 'தௌலோதோ' என்று பெயர். பெரிய பிள்ளைகள் நீண்ட பகுதிகளும் பாட்டும் பைபிள் நாடகமும். ஒத்திகை பல வாரம் முன்பே தொடங்கிவிடும். சொதப்பும் இடம் பெரும்பாலும் ஒன்றே: நான்கு வயதுக் குழந்தைக்கு நான்கு வரி கொடுத்துவிடுவது. மேடையில் அது வாயடைத்து நிற்கும், தாய் கீழிருந்து வாயசைப்பாள், சபை சிரிக்கும். அந்த வயதுக்கு ஒரு வரியே போதும். வெள்ளைத் துணியைக் கடைசி வாரத்தில் வாங்கலாம் என்று நினைப்பதும் தப்பு, அளவு கிடைக்காது.

ஞாயிறு விருந்துக்கு 'உமு' எப்படிப் போடுகிறார்கள்?

உமு என்பது கல் அடுப்பு. ஹவாயிலும் நியூசிலாந்து மாவோரிகளிடமும் குழி தோண்டி மண் மூடுவார்கள். சமோவாவில் குழியும் இல்லை, மண்ணும் இல்லை. தரைமேலேயே இலை மூடி வேகவைப்பார்கள். வேலை இளைஞர்களுடையது, ஞாயிறு விடியும் முன்பே தொடங்கும். தேவாலயத்திலிருந்து திரும்பியதும் 'தோவோனயீ' எனும் மதிய விருந்து தயாராக இருக்க வேண்டும்.

கல்தான் முதல் கேள்வி. எரிமலைக் கருங்கல், கைமுட்டி அளவு முதல் இரண்டு முட்டி அளவு வரை. ஆற்றில் ஊறிய கல்லையும் மழையில் நனைந்த கல்லையும் போட்டால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும்; கண்ணுக்கு ஆபத்து. ஒருமுறை சூடேறித் தாங்கிய கல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அதனால்தான். ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குக் கல் பரவ வேண்டும்.

தேங்காய் மட்டையும் விறகும் அடுக்கித் தீ மூட்டி, மேலே கற்களைக் குவிப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விறகு எரிந்து விழும். கருத்த கல் சாம்பல் வெளுப்பாக மாறும். அதுதான் அடையாளம். கருப்புத் திட்டு மிச்சமிருந்தால் இன்னும் சூடு ஏறவில்லை. பிறகு தென்னை மட்டையை மடக்கிச் செய்த இடுக்கியால் எரியும் கொள்ளிகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, கற்களைச் சமமாகப் பரப்புவார்கள். கொள்ளி மிச்சமிருந்தால் அடியில் கருகும், எல்லாவற்றிலும் புகை நாற்றம் ஏறும். புதியவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

கல்லை ஒட்டி முதலில் தோல் சீவிய சேப்பங்கிழங்கு, பச்சை வாழைக்காய், ஈரப்பலா. அதன்மேல் பன்றி, அதன் வயிற்றுக்குள் சூடான கல்லும் இலையும் திணித்திருக்கும், இல்லாவிட்டால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருக்கும். தென்னோலையில் சுற்றிய மீன் பக்கவாட்டில். தேங்காய்ப் பாலைச் சேப்ப இலையில் கட்டிய பாலுசாமிப் பொட்டலங்கள் கடைசியாக, மேலே. அவை கல்மேல் இருந்தால் பால் கசிந்து தீய்ந்துவிடும். பிறகு வாழை இலை, ஈரப்பலா இலை எனப் பல அடுக்கு. ஓரத்தில் ஆவி வரும் இடத்தைப் பார்த்து அங்கே இன்னோர் இலை. சாதாரண உமுவுக்கு ஒரு மணி நேரம் போதும். பெரிய பன்றி இருந்தால் கூடுதல். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். போன சூடு திரும்பாது, கீழே நெருப்பு இல்லை.

பன்றியைப் பங்கிடுவதிலும் வரிசை உண்டு: முதுகுச் சதை அலீக்கு, கால் துலாஃபாலேக்கு, தலை உமு போட்ட இளைஞர்களுக்கு. பங்கு மாறினால் அது அவமதிப்பு.

பாலுசாமி வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். சேப்ப இலையும் தேங்காயும்தான் முக்கியம். சமோவாவில் 'தாலோ' என்பதும் நம் சேப்பங்கிழங்கும் ஒரே தாவர இனம்.

12 பொட்டலத்துக்கு: முற்றிய தேங்காய் 4, இளம் சேப்ப இலை 50 முதல் 60, பெரிய வெங்காயம் 1, உப்பு ஒரு தேக்கரண்டி. தேங்காயைத் துருவித் தண்ணீர் சேர்க்காமல் பிழிய வேண்டும். சமோவாவில் 'பெயேபெயே' என்கிற இந்த முதல் பால் கெட்டியாக இருந்தால்தான் வெந்தபின் தயிர்போல உறையும். தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இலைக்குள் ஓடி வழியும். இந்தப் பண்டம் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் உப்பையும் பாலில் கலக்கவும்.

இலையின் காம்பையும் தடித்த நடுநரம்பையும் எடுத்துவிடுங்கள். பெரிய இலை வெளியே, சின்னது உள்ளே என்று நாலைந்து இலையை உள்ளங்கையில் கிண்ணம்போலக் குவித்து, கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பால் ஊற்றி, விளிம்பை மேலே கூட்டி மூடவும். தணலில் வாட்டிய வாழை இலையில் முதலில் சுற்றி, அதன்மேல் ஈரப்பலா இலை. ஈரப்பலா இலை கிடைக்காவிட்டால் அலுமினியத் தாள். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஆவியில் வேகவைத்தாலும் வரும். உமுவின் மணம் மட்டும் இருக்காது.

நாக்கும் தொண்டையும் அரித்தால் இலை வேகவில்லை என்று அர்த்தம். சேப்ப இலையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நன்றாக வெந்தால்தான் அரிப்பு அடங்கும். முற்றிய இலையைத் தவிர்த்து, சுருள் விரியத் தொடங்கிய இளம் இலையைப் பறிப்பது அதனாலும்தான். அரிப்பு இருந்தால் சாப்பிட வேண்டாம், திரும்ப வேகவையுங்கள்.

1993-ல் சேப்பஞ்செடியில் இலைக்கருகல் நோய் பரவி நாடு முழுக்கப் பயிர் அழிந்தது. விருந்தில் தாலோவின் இடத்துக்கு வாழைக்காயும் ஈரப்பலாவும் வந்தன. நோயைத் தாங்கும் ரகங்களை வளர்த்தெடுத்த பிறகே தாலோ மீண்டது.

பாலோலோ எழும் நாளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பாலோலோ ஒரு கடற்புழு. பவளப்பாறை இடுக்கில் வாழ்வது. ஆண்டுக்கு ஒரு முறை அதன் பின்பகுதி, முட்டையோ விந்தோ நிறைந்து, தானே அறுந்து நீர்ப்பரப்புக்கு நீந்தி வரும். தலைப்பகுதி பாறையிலேயே தங்கி மறுபடி வளரும். நீலப்பச்சையாக இருப்பது பெண், பழுப்பு ஆண்.

கணக்கு நிலவை வைத்து: அக்டோபர் அல்லது நவம்பரில், பௌர்ணமி கழிந்து ஏழு நாள் போல. நம் பஞ்சாங்கத்தில் சொன்னால் தேய்பிறை சப்தமி, அஷ்டமி. எந்த மாதம் என்பதில்தான் குழப்பம். பௌர்ணமி அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் கூட்டம் நவம்பருக்குத் தள்ளிப்போகலாம். சில ஆண்டு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். அதனால் நாட்காட்டியை மட்டும் நம்பமாட்டார்கள். 'மோசோவோயீ' எனும் மனோரஞ்சித வகை மரம் பூப்பதையும் கவனிப்பார்கள். அந்தப் பூவை மாலையாகப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினால் மணத்துக்குப் பாலோலோ வரும் என்பது நம்பிக்கை.

நள்ளிரவு கழிந்து விடியலுக்குள், இடுப்பளவு நீரில் விளக்கும் நுண்கண் வலையும் கொசுவலைத் துணியும் வாளியுமாகக் குடும்பமே நிற்கும். வெளிச்சத்துக்கு அது வரும். வெயில் ஏறினால் புழு வெடித்துக் கரைந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து போனால் கஞ்சிதான் மிச்சம். வாளியில் நல்ல தண்ணீர் கலந்தாலும் உடைந்துபோகும், கடல்நீரிலேயே வைக்க வேண்டும். பச்சையாகவும் தின்பார்கள், வெண்ணெயில் வெங்காயமும் முட்டையும் போட்டு வதக்கி ரொட்டிமேல் வைப்பது இன்றைய பழக்கம்.

அவா சடங்கில் என்ன நடக்கிறது? அது மதுவா?

மது அல்ல. அவா என்பது மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடி. அதன் காய்ந்த வேரை இடித்துக் குளிர்ந்த நீரில் பிசைந்து வடிகட்டியது, நொதிக்கவிடுவதில்லை. மண்ணிற நீர், சற்றுக் கசப்பு, நாக்கு லேசாக மரத்துப்போகும். பக்கத்து நாடுகளில் கவா, யகோனா என்பதும் இதுவே. சடங்கில் கலப்பது நீர்த்தது. மயக்கத்துக்காக அல்ல, வரிசைக்காக.

பட்டமளிப்பு, ஃபோனோ, முக்கிய விருந்தினர் வருகை எல்லாம் இதில்தான் தொடங்கும். சுவரில்லாத நீள்வட்ட வீட்டில் ஒவ்வொரு தூணும் ஒருவருடைய இடம். இரு முனைகளிலும் அலீக்கள், முன்பக்கம் துலாஃபாலேக்கள், பின்பக்கம் அவா கலப்பவர்கள். வெளியாள் போய் வெறும் தூண் கண்டதும் சாய்ந்து உட்கார்ந்தால், ஒருவருடைய பட்டத்தின்மேல் உட்கார்ந்ததற்குச் சமம். யாராவது இடம் காட்டும்வரை நில்லுங்கள்.

பல கால்கள் வைத்த மரக் கிண்ணம் 'தானோவா'. அதில் தண்ணீர் ஊற்றிப் பொடியைப் பிசைபவர் வழக்கமாகத் 'தௌப்போ', அதாவது உயர்ந்த அலீயின் குடும்பத்துப் பெண். வடிகட்ட நீர்ப்பருத்தி மரப்பட்டை நார்க்கற்றை, 'ஃபாவ்'. சக்கை சேர்ந்ததும் நாரைப் பின்னால் தோளுக்கு மேலே வீசுவார். வெளியே நிற்கும் இளைஞன் பிடித்து, உதறி, திருப்பி வீசுவான். தவறவிட்டால் ஊர் சிரிக்கும். தெளிந்ததும் கைதட்டி அறிவிப்பார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட, ஓர் இளைஞன் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுபோவான்.

உங்களுக்குச் சிரட்டை வந்தால்: வாங்கி, சில சொட்டுத் தரையில் விட்டு, 'மனுயியா' சொல்லிக் குடியுங்கள். சபை 'சொய்ஃபுவா' என்று பதில் சொல்லும். முழுக்கக் குடிக்க வேண்டிய கட்டாயமில்லை; ஒரு வாய் போதும். முதல் சிரட்டையும் கடைசிச் சிரட்டையும் கௌரவம். கடைசியில் உங்கள் பெயர் வந்தால் மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

தேங்காய்க்குக் கண் வந்த கதை என்ன?

சீனா என்ற பெண் ஒரு குட்டி விலாங்கு மீனை வளர்த்தாள். அது வளர்ந்து பெரிதாகி அவளை விடாமல் பார்க்கத் தொடங்கியது. அவள் பயந்து ஊர் ஊராக ஓடினாள்; எந்தச் சுனைக்குப் போனாலும் அங்கே அது. பேயின் கண்ணால் என்னைப் பார்க்கிறாயே என்று அலறினாள். பல வடிவங்களில் அந்த விலாங்கு ஃபிஜி மன்னன்தான். கடைசியில் சாகும் தறுவாயில் அது கேட்டது: என் தலையை வெட்டி உன் வீட்டருகே புதை, அதிலிருந்து வரும் மரம் உனக்கு எல்லாம் தரும், அதன் காயிலிருந்து குடிக்கும்போதெல்லாம் என்னை முத்தமிடுவாய். முளைத்தது தென்னை.

நாம் மூன்றையும் கண் என்கிறோம். சமோவாக் கணக்கில் இரண்டு கண், ஒரு வாய். தேங்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூன்றில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், முளை வருவது அதன் வழியாக, துளைத்துக் குடிப்பதும் அதன் வழியாக. அதுதான் விலாங்கின் வாய். சவாயீயில் சஃபூனே பகுதியில் உள்ள மத்தாவாய் ஊரில் இந்தச் சுனையைக் காட்டுகிறார்கள். பெயரே 'மத்தா ஓ லெ ஆலேலோ', பேயின் கண். சிறு கட்டணம் உண்டு, குளிக்கவும் விடுவார்கள்.

நெருப்பு, நிலநடுக்கம் பற்றிய கதை?

ஆதியில் மனிதர்கள் எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றார்கள். பூமிக்கு அடியில் மஃபூயியே என்ற நிலநடுக்கத் தெய்வத்திடம் மட்டும் நெருப்பு இருந்தது. தீயித்தீயி என்ற இளைஞன் கீழே போய் மல்லுக்கட்டி, தெய்வத்தின் ஒரு கையை முறித்தான். மற்றக் கையையும் முறிக்கப் போனபோது, அதை விட்டுவிடு, நெருப்பு தருகிறேன் என்று மஃபூயியே கெஞ்சியது. ஒரு கை மட்டும் மிச்சம் என்பதால்தான் நாட்டை முழுக்கக் கவிழ்க்க அதனால் முடியவில்லை என்பார்கள். 2009 செப்டம்பர் 29 நிலநடுக்கமும் சுனாமியும் உபோலுவின் தென்கரையில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோது, அந்த ஒரு கையின் வலு என்னவென்று தெரிந்தது.

பச்சை குத்துவது இரட்டையர் கதையோடு எப்படிச் சேர்கிறது?

ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகள் தாயமாவும் திலாஃபாயிங்காவும் ஃபிஜியிலிருந்து பச்சை குத்தும் கருவிகளோடு நீந்தி வந்தார்கள். வழியெல்லாம் 'பெண்ணுக்குக் குத்து, ஆணுக்கு வேண்டாம்' என்று பாடிக்கொண்டே வந்தவர்கள், சவாயீயின் மேற்கு முனையான ஃபலேயாலுப்போ அருகே சிப்பி எடுக்க மூழ்கி எழுந்தபோது பாட்டு புரண்டு 'ஆணுக்குக் குத்து' ஆகிவிட்டது.

ஆணுக்கு இடுப்பு முதல் முழங்கால் வரை அடர்த்தியாக 'பெயா'. பெண்ணுக்குத் தொடை முதல் முழங்காலுக்குக் கீழ்வரை, இடைவெளி விட்ட மெல்லிய 'மாலு'. பன்றிக்கொம்புச் சீப்பைக் கைப்பிடியில் கட்டி, சிறு கோலால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். மை மெழுகுக்கொட்டைப் புகைக்கரி. இன்று கிருமிநீக்கம் செய்ய வசதியாக உலோகச் சீப்பும் கடை மையும் வந்துவிட்டன. குத்துபவர் 'துஃபுங்கா'. இருவர் தோலை இழுத்துப் பிடிப்பார்கள். தோல் தளர்ந்தால் கோடு நெளியும். முதுகில் படகு வடிவத்தில் தொடங்கித் தொப்புளில் முடிப்பார்கள். நாள்தோறும் கழுவி அழுத்தி நீவிவிட வேண்டும். வலிக்குப் பயந்து அதை விட்டால் சீழ் கட்டும்.

பாதியில் நிறுத்துவது குத்தாமல் இருப்பதைவிடக் கேவலம். அதற்குப் 'பெயா முத்து', முறிந்த பச்சை, என்று பெயர், பழி குடும்பத்துக்கே. அதனால்தான் தனியாகக் குத்திக்கொள்ளாமல் 'சோவா' எனும் துணையோடு இருவராகத் தொடங்குவது வழக்கம். பெயா உள்ளவன்தான் அவா பரிமாறத் தகுந்தவன் என்பது பழைய எண்ணம். வலி தாங்குவதும் தௌதுவாதான்.

நஃபானுவா தெய்வமா, கிறிஸ்தவத்தோடு எப்படி ஒத்துப்போகிறது?

பாதாள அரசன் சவேயாசியூலேயோவுக்கும் திலாஃபாயிங்காவுக்கும் பிறந்தவள். இரத்தக்கட்டியாகப் பிறந்து மண்ணில் மறைக்கப்பட்டதால் 'மண்ணில் மறைந்தவள்' என்று பெயர். அடிமைப்பட்டுக் கிடந்த ஃபலேயாலுப்போ மக்களுக்காகப் போரிட வந்தாள். பொருதும்போது காற்றில் மேலாடை விலக, எதிரில் நிற்பது பெண் என்று கண்ட பகைவர் வெட்கி ஓடினார்கள். வென்றபின் ஆட்சிப் பங்குகளைப் பிரித்துக் கொடுத்தாள். தாமதமாக வந்த, மலியேத்தோவா என்ற பட்டம் உடைய தலைவரிடம், உன் ஆட்சிக்கான தலைமை வானிலிருந்து வரும், காத்திரு என்றாள். 1830-ல் மிஷனரி ஜான் வில்லியம்ஸ் சவாயீயில் சப்பாப்பாலீயில் கரையிறங்கியபோது, மலியேத்தோவா வயினுவூப்போ அவரை வரவேற்றார்; வாக்கு பலித்தது என்று பேச்சு. இப்படித்தான் புதுமதம் பழைய தெய்வத்தின் கையெழுத்தோடு உள்ளே வந்தது.

'இயே தோங்கா' பாய் உட்காருவதற்கா?

யாரும் உட்காரமாட்டார்கள். ஒரு வகைத் தாழை இலையை முள் நீக்கி, வேகவைத்து, மேல்படலத்தைப் பிரித்து, வெயிலில் வெளுக்கவைத்து, நூல்போலக் கீறிப் பெண்கள் பின்னுவது. மெல்லியதாக இருக்க இருக்க மதிப்பு. நல்ல ஒன்றுக்குப் பல மாதம், சில சமயம் ஆண்டுக்கணக்கு. ஓரத்தில் சிவப்பு இறகு. திருமணம், சாவு, பட்டமளிப்பு எல்லாவற்றிலும் கைமாறும். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதன் கனமான பயன் 'இஃபோங்கா'. ஒருவன் கொலையோ பெருங்குற்றமோ செய்துவிட்டால், அவன் குடும்பத்து மாத்தாய் விடியலில் பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் மண்டியிட்டு, இயே தோங்காவைத் தலைமேல் போர்த்திக் காத்திருப்பார். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. உள்ளிருந்து ஒருவர் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. யாரும் வராவிட்டால் உயிருக்கும் உத்தரவாதமில்லை என்பதே பழைய நிலை. குற்றவாளி மட்டும் வருவதல்ல, பட்டம் உள்ளவர் தலை குனிவதுதான் அதன் எடை.

மாலையில் ஊருக்குள் நடந்தால் தடுக்கிறார்களே?

அது 'சா', அந்திப் பிரார்த்தனை நேரம். ஊருக்கு ஊர் சற்று மாறும். பெரும்பாலும் மாலை ஆறிலிருந்து ஏழுக்குள், பத்து இருபது நிமிடம். சங்கோ மணியோ ஒலிக்கும். முதல் ஒலிக்கு வீடு சேர வேண்டும், இரண்டாவதில் பிரார்த்தனை, மூன்றாவதில் விடுதலை. சாலையோரம் லாவாலாவா கட்டிய இளைஞர்கள் நிற்பதைக் கண்டால் அப்படியே நின்றுவிடுங்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் நிமிர்ந்து போகாமல் குனிந்து 'துலோ' சொல்லிப் போவதும், உட்காரும்போது பாதத்தை யாரையும் நோக்கி நீட்டாமல் மடக்குவதும் எந்த நேரத்துக்கும் பொருந்தும்.

2011-ல் ஒரு நாள் காணாமல் போனது உண்மையா?

உண்மை. வியாபாரம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு இருக்க, நாட்காட்டி மட்டும் அமெரிக்காவோடு இருந்தது. 2011 டிசம்பர் 29 வியாழனுக்கு அடுத்து நேரே 31 சனி. முன்பு 1892-ல் அமெரிக்கப் பக்கம் சேர்ந்தபோது ஜூலை 4 இரண்டு முறை வந்தது. அந்தக் கடன் அடைபட்டது என்று சொல்லலாம். அமெரிக்க சமோவா மாறவில்லை. புத்தாண்டை ஆப்பியாவில் கொண்டாடிவிட்டு, சிறு விமானத்தில் போய் மறுபடி கொண்டாடுகிறவர்கள் உண்டு.

கதைகளை எப்போது, யார் சொல்வார்கள்?

இரவில், படுத்தபின், பெரும்பாலும் வயதானவர்கள். இதற்கு 'ஃபாங்கோங்கோ' என்று பெயர். வம்சாவளி, போர், பட்டம் பற்றியவை வேறு வகை. அவற்றைத் துலாஃபாலே சபையில் சொல்வார், தவறாகச் சொன்னால் வழக்காகிவிடும். ஃபாங்கோங்கோவில் அந்தப் பயம் இல்லை. நடுநடுவே 'தங்கி' எனும் பாட்டு வரும், அது மட்டும் சொல் மாறாது. கேட்பவர்கள் அவ்வப்போது 'ஔவே' என்று குரல் கொடுக்க வேண்டும், நம்மூரில் 'உம்' கொட்டுவதுபோல. குரல் நின்றுவிட்டால் தூங்கிவிட்டார்கள் என்று கதையும் நிற்கும்.